பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்!

(மஹல்லா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு பத்தரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீடு வருகிறோம். மகன் அறைக்குள் செல்போனில் மூழ்கிக் கிடக்கிறான். "அந்தப் போனைத் தூக்கிப் போடுடா!" என்று ஒரு சத்தம். அத்தோடு தகப்பனின் கடமை முடிந்துவிட்டதாம்!

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021 ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயரில் வந்து சேர்ந்தது. அரசின் தடையே இப்படியென்றால் நம் சத்தம் எம்மாத்திரம்?

ஒரு பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடினார்கள். இளம் வயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அதைப் பார்க்க, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூடவே நின்றார்கள். அன்னைக்கே போதும் என்றாகும்வரை நின்றார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. உம்மத்தின் தலைவருக்குக் கிடைத்த நேரம் நமக்குக் கிடைக்காதா?

ஆகவே உட்காருங்கள். "எனக்கும் கற்றுக்கொடு" என்று கேளுங்கள். நால்வர் அணியில் நீங்களும் ஒருவராகுங்கள். முதல் ஆட்டத்திலேயே சுடப்பட்டு விழுவீர்கள். பிள்ளை சிரிப்பான், சிரிக்கட்டும்!

அப்போதுதான் விஷயம் விளங்கும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுகிறது. இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. பாங்கு கேட்டும் அவன் எழாததற்கு இதுவும் ஒரு காரணம். "பாங்குக்கு அரைமணிக்கு முன் புது ஆட்டம் வேண்டாம்" என்று கூட ஆடிய வாப்பா சொன்னால் கேட்பான். அவன் காதில் பேசும் முகமறியாதவன் யார் என்பதும் தெரியவரும்.

இன்னொன்றும் தெரியும். பணம் கட்டிப் பெட்டியைத் திறந்தால் அரிய பொருள் விழலாம். ஒன்றுக்கும் உதவாததும் விழலாம். இது விளையாட்டா, சூதா? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதும் நாம் சிந்திக்க வேண்டாமா? தூர நின்று எல்லாவற்றையும் ஹராம் என்று கத்தினால், உண்மையான ஹராமைச் சொல்லும்போது பிள்ளை நம்பமாட்டான்.

இளைஞனே! வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் திரையை மறைக்காதே. மறைக்க வேண்டியது ஏதேனும் இருந்தால், அதை இன்றே விட்டுவிடு.

கடைக்கணக்கை நாள்தோறும் பார்க்கும் வியாபாரிகளே! பிள்ளையின் கணக்கையும் நாளை ரப்பு கேட்பான். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளை நம் கையை விட்டுப் போகமாட்டான்.

வஸ்ஸலாம்.