கணக்கு தப்பவில்லை, கண்தான் தப்பியது
(உறையூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இந்த மாதம் கண் பரிசோதனை முகாம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முகாம் தேதி, நேரம் எல்லாம் தலைவி சொல்லிவிட்டார். நான் வேறு ஒரு விஷயம் சொல்கிறேன். இது என் தப்பைப் பற்றியது. அந்த அம்மாவும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "பேரைச் சொல்லாம சொல்லு பாப்பா, நாலு பேருக்கு உதவும்"னு சொல்லிட்டாங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழுவில் கணக்கு இடித்தது. ரொக்கப் புத்தகத்தில் 380 ரூபாய் என்று இருக்கும், உறுப்பினர் பாஸ்புக்கில் 330 என்று இருக்கும். ஒரு மாதம் 50 ரூபாய், அடுத்த மாதம் 120 ரூபாய். எழுதுவது ஊக்குநர் அம்மா. வயது ஐம்பத்தெட்டு. குழு ஆரம்பித்த நாள் முதல் தீர்மானப் புத்தகத்தை முத்து முத்தாக எழுதியவர். வீட்டில் தறி. நெய்கிறவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் இவர் வேலை.

முதலில் முணுமுணுப்பு. அப்புறம் ஒரு கூட்டத்தில் ஒருத்தர் நேராகவே கேட்டுவிட்டார், "எங்க காசை எடுத்துத்தான் பேத்திக்குக் கொலுசு வாங்கினீங்களா?" என்று. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சமூகப்பணி படித்தவள், பத்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவள். நான் என்ன செய்திருக்கணும்? அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கணும். செய்யவில்லை. 'நிதி முறைகேடு சந்தேகம், ஊக்குநரை மாற்றப் பரிந்துரை' என்று அறிக்கை எழுதிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த அம்மா யாரிடமும் வாதாடவில்லை. வெக்காளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். நம் ஊரில் வேண்டுதலைச் சீட்டில் எழுதி அம்மன் சந்நிதியில் சூலத்தில் கட்டுவோம் இல்லையா, அதைச் செய்யத்தான். ஆனால் சீட்டை அவர் எழுதவில்லை. ஏழாவது படிக்கிற பேத்தியை எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து நான் தெருவில் போகும்போது அந்தப் பிள்ளைதான் என்னிடம் சொன்னாள்: "அக்கா, எங்க ஆயா மேல உள்ள பழி தீரணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆயாவுக்கு எழுத்தே தெரியல. கோட்டு மேல எழுதுறேன்னு கோட்டுக்கு வெளியில எழுதுது."

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்தது. 8-ஐ 3 என்று படித்திருக்கிறார், 3-ஐ 8 என்று எழுதியிருக்கிறார். ஒரு பைசா அவர் எடுக்கவில்லை. எல்லாப் பாஸ்புக்கையும் வைத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், ரொக்கம் சரியாக இருந்தது.

"ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "கண்ணு தெரியலைன்னா புத்தகத்தை வாங்கிடுவீங்களே" என்றார். பழியைக்கூடத் தாங்கியிருக்கிறார், ஊக்குநர் வேலை போகக்கூடாது என்று. இன்னொன்றும் சொன்னார். நடுவில் கொஞ்ச நாள் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்ததாம். கண் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். புரை விழ ஆரம்பிக்கும்போது சிலருக்கு அப்படிக் கிட்டப் பார்வை கொஞ்ச நாள் தெளியும். பிறகு அதுவும் போய்விடும். வெயிலில் கண் கூசும், எதிரே வருகிற வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், வெள்ளைச் சேலை பழுப்பாகத் தெரியும். வலி இருக்காது. வலிக்காததால்தான் நாம் தள்ளிப்போடுகிறோம்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் "கண்ணுல சதை வளந்திருக்கு" என்கிறோம். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் ஏறுவதுதான் சதை. கருவிழியில் புண் ஆறி வெள்ளைத் தழும்பாக நிற்பது பூ. புரை என்பது உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது. கண்ணாடி டம்ளரில் பால் ஊற்றின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது. நந்தியாவட்டைச் சாறோ, விளக்கெண்ணெயோ, தாய்ப்பாலோ விடாதீர்கள், இருக்கிற கண்ணும் புண்ணாகிவிடும். மங்கின லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. "நல்லா முத்தட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பது பழைய காலப் பேச்சு. இப்போது முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரொம்ப முற்றினால் கண் அழுத்தம் ஏறி, வலி வந்து, பார்வையே போகக்கூடும்.

சமயபுரத்துக்குக் கண்மலர் நேர்ந்துகொண்டவர்கள் தாராளமாகப் போய்ச் செலுத்துங்கள். எங்கள் வீட்டிலும் செலுத்தியிருக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து செலுத்துங்கள்.

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார், "முகாம்ல ஆபரேசன் பண்ணி கண்ணு போயிடுச்சாமே?" அது புரளி இல்லை, நடந்தது. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துப்போய் அறுவை செய்ததில், தொற்று ஏற்பட்டு 66 பேர் பார்வை இழந்தார்கள். சி.பி.ஐ. வழக்கு வரை போனது. இதை மறைத்து உங்களை முகாமுக்கு அழைத்துப் போகமாட்டேன். ஆனால் பயந்து வீட்டில் இருந்தாலும் புரை கண்ணை மூடத்தான் போகிறது. அதனால் கேள்வி கேளுங்கள். ஆபரேசன் எந்த ஆஸ்பத்திரியில்? சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? மறுபடி எப்போது காட்டணும்? ஆபரேசன் ஆன பிறகு கண் சிவந்து வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே போகணும், 'ரெண்டு நாள் பாக்கலாம்' என்று இருக்கவே கூடாது. புத்தூர் பெரியாஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல் கோணிப்போனவர் அவர், அந்தக் கையாலேயே பல்லாயிரம் பேருக்குக் கண் ஆபரேசன் செய்தார்.

நம் ஊக்குநர் அம்மாவுக்கு ஆபரேசன் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அரை மணிக்குள் முடிந்தது, தையல் இல்லை. அதைவிடக் கஷ்டம் அதற்கு முன்னாடி. "நான் படுத்துட்டா யார் சோறாக்குறது? கூட யார் வர்றது?" ரெண்டு மாசம் இதிலேயே போனது. கடைசியில் அவரிடம் கொலுசைப் பற்றிக் கேட்டாரே, அவரேதான் கூடப் போய் ஆஸ்பத்திரியில் தங்கினார். ஒரு மாதத்துக்கு மேல் வேளா வேளைக்குச் சொட்டு மருந்தும் அவர்தான் விட்டார். மன்னிப்பு எல்லாம் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நான்தான் கேட்டேன், குழு முன்னாடி. என் அறிக்கையையும் திரும்ப வாங்கினேன்.

போன வாரம் ஆறு குழுவின் கடன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கறவை மாடு, காலேஜ் கட்டணம், காதுகுத்து, வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர் என்று எழுதியிருக்கிறது. தன் கண்ணுக்கு என்று ஒருத்தர்கூட வாங்கவில்லை. உலகத்தில் பார்வை இழந்தவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய 55 பேர் பெண்கள். ஏன் என்று நம் பேரேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆபரேசன் இலவசமாகவே இருக்கட்டும், ஒரு வாரக் கூலி போகுமே, அதற்கு உள்கடன் கொடுக்கலாமா என்று இன்றைக்குத் தீர்மானம் போடுங்கள். கூடப் போகிறவர் யார் என்பதையும் முறை வைத்து எழுதிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் புரை இல்லாவிட்டாலும் வருஷம் ஒருமுறை கண்ணின் உள்திரையைக் காட்டியாக வேண்டும். சர்க்கரையால் அங்கே பழுதானது திரும்பாது. நாற்று, கதிர் அறுப்புக்குப் போகிறவர்கள் தாள் கண்ணில் குத்தினால் அன்றைக்கே டாக்டரிடம் போகணும். அதைப் பற்றி அடுத்த மாதம் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது சேமிப்பு கட்டுவதற்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஒரு கண் நன்றாக இருந்தால் இன்னொன்று கெட்டது தெரியவே தெரியாது. முதல் வரிசை எல்லோரும் இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடுங்கள், அழுத்தாமல். எதிரே சுவரில் காலண்டர் தொங்குது பாருங்க. தேதி என்னன்னு சொல்லுங்க. சரி, இப்ப கையை மாத்துங்க.