உங்கள் வீச்சுக்கு ஏற்ற ஷட்டில் பேட் எது?

(பொங்கல் விளையாட்டு விழாவை ஒட்டி நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் தருகிறோம்.)



கமிட்டியில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கோச் கிடையாது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஷட்டில் பேட்டைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, தப்பான பேட்டை வாங்கி முழங்கையைக் கெடுத்துக்கொண்டதுதான்.

நான் கல்லூரியில் ஆடியது பூப்பந்து. இங்கே தலை நரைத்தவர்களுக்கு நினைவிருக்கும். மஞ்சள் கம்பளிப் பந்து, மரப் பேட், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். 1856 வாக்கில் தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கிய ஆட்டம் என்று சொல்வார்கள். அந்தப் பந்து 27 முதல் 30 கிராம் இருக்கும். நாம் இப்போது ஆடும் ஷட்டில் காக் ஐந்து கிராம் சொச்சம்தான். கனமான பந்தைத் தோளிலிருந்து முழுக் கையையும் வீசி அடித்துப் பழகியவன் நான். மணிக்கட்டைச் சொடுக்கி அடிக்கும் வித்தை எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் சுமார்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, நம் பின்பக்கத் திடலில் கோடு போட்டு வலை கட்டினார்களே, அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது. நேராகக் கடைக்குப் போனேன். டி.வி.யில் உலக சாம்பியன் ஒருவர் கையில் பார்த்த பேட் அங்கே இருந்தது. விலையைக் கேட்டால் பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. "இத்தனை வருஷம் உழைத்தோம், நமக்கென்று ஒன்று வாங்கக்கூடாதா" என்று வாங்கிவிட்டேன். கடைக்காரர் மேல் தப்பில்லை. "சார், உங்களுக்கு இது கொஞ்சம் ஸ்டிஃப்பா இருக்கும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறே வாரம். காக் பாதிக் கோர்ட்டைத் தாண்டவில்லை. தாண்ட வைக்க இன்னும் ஓங்கி அடித்தேன். ஒரு நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. டென்னிஸ் எல்போ. பிறகு மூன்று மாதம் பிசியோதெரபி. வீட்டில் கேட்ட பேச்சை இங்கே சொல்ல வேண்டாம், அவர்களும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் எங்கே தப்பு செய்தேன் என்பதை எனக்கு விளக்கியவர் அமெரிக்காவில் இருக்கும் மருமகன். அவர் கோல்ஃப் ஆடுபவர். கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்கும் முதல் மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதை வாங்கப் போனால், கடையிலேயே வலைக்கு எதிரே நிறுத்திப் பத்துப் பதினைந்து பந்து அடிக்கச் சொல்கிறார்களாம். ஒரு கருவி மட்டையின் தலை எவ்வளவு வேகத்தில் வருகிறது, பந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்று அளந்துவிடும். அதற்குப் பிறகுதான் எந்தத் தண்டு பொருந்தும் என்ற பேச்சே வரும். தண்டின் விறைப்புக்கு எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் உண்டு. எல் மிகவும் வளையும், எக்ஸ் மிகவும் விறைப்பு. மட்டைத் தலையின் வேகம் மணிக்கு 140, 150 கிலோமீட்டர் அளவில் இருந்தால் பொதுவாக ஆர். அதற்கு மேல் போனால் எஸ். கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். மருமகன் எஸ் கேட்டாராம், கடையில் அளந்து பார்த்துவிட்டு ஆர் கொடுத்தார்களாம். "மாமா, கௌரவம் பார்த்து எஸ் வாங்கியிருந்தா பந்து பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு ஆம்பூர் ஞாபகம் வந்தது. அங்கே கிளையில் வேலை பார்த்தபோது ஏற்றுமதிப் பில் சம்பந்தமாக ஷூ கம்பெனிகளுக்குள் போயிருக்கிறேன். கால் வடிவத்தில் ஒரு கட்டை வைத்திருப்பார்கள், லாஸ்ட் என்று பெயர். சைஸ் வாரியாக வரிசையாக அடுக்கியிருக்கும். எவ்வளவு உயர்ந்த தோலாக இருந்தாலும் அந்தக் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தினால்தான் அது ஷூ. கட்டை தப்பென்றால் தோலின் விலை என்னவானாலும் கால் கடிக்கும். சினிமா நடிகர் பத்தாம் நம்பர் போடுகிறார் என்று ஏழாம் நம்பர் கால்காரர் பத்து வாங்குவாரா? நான் பேட் விஷயத்தில் செய்தது அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேட்டில் நான்கு கணக்குகள் உண்டு.

முதலாவது, தண்டின் விறைப்பு. பெரும்பாலும் தண்டின் மேலேயோ பக்கத்திலுள்ள அட்டையிலோ ஃப்ளெக்ஸிபிள், மீடியம், ஸ்டிஃப் என்று போட்டிருக்கும். நாம் வீசும்போது தண்டு லேசாகப் பின்னால் வளைந்து, காக்கைத் தொடும் நேரத்தில் நிமிர்கிறது. அந்த நிமிர்வு நம் அடியோடு சேர்ந்துகொள்கிறது. கை மெதுவாக வந்தால் விறைப்பான தண்டு வளையவே வளையாது. எல்லா வேலையும் முழங்கை தலையில் விழும். கை மிக வேகமாக வந்தால் மென்மையான தண்டு நிமிர்வதற்குள் காக் போய்விடும், குறி தப்பும். ஆகவே மெதுவான வீச்சுக்கு வளையும் தண்டு, வேகமான வீச்சுக்கு விறைப்பான தண்டு. இதில் உயர்வு தாழ்வு கிடையாது.

இரண்டாவது, எடை. பிடிக்கு மேலே 3யூ, 4யூ, 5யூ என்று சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். யூவுக்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட எடை குறையும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, 5யூ என்றால் 75 முதல் 79. ஐந்து கிராமில் என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் சில நூறு தடவை கையைத் தூக்குகிறோம்.

மூன்றாவது, எடை எங்கே இருக்கிறது என்பது. சுத்தியலைக் காம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு இரும்புப் பக்கம் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரே சுத்தியல்தான், ஆனால் கைக்கு இரண்டும் வேறு. பேட்டை ஒற்றை விரலில் நிறுத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைப் பிடியின் அடியிலிருந்து ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும். சுமார் 29 சென்டிமீட்டர் என்றால் நடுநிலை. அதைவிட நன்றாகத் தள்ளியிருந்தால் தலை கனம், அது பின்னாலிருந்து ஓங்கி அடிப்பவர்களுக்கு. குறைவாக இருந்தால் தலை லேசு, அது டபுள்ஸில் வலைக்குப் பக்கத்தில் நின்று சட்டென்று திருப்பித் தட்டுபவர்களுக்கு.

நான்காவது, கட்டிங். நரம்பு எவ்வளவு இறுக்கம் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் 28, 30 பவுண்டு போடுகிறார்கள் என்று நம் பையன்களும் 28 கேட்கிறார்கள். இறுக்கம் கூடினால் குறி வைத்து அடிக்கலாம், ஆனால் சரியாக நடுவில் பட்டால்தான் காக் போகும். இறுக்கம் குறைந்தால் நரம்பே உந்திக் கொடுக்கும், சற்றுத் தள்ளிப் பட்டாலும் மன்னித்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்கு 20 முதல் 23 போதும்.

கூடவே பிடியையும் பாருங்கள். மெலிதான பிடி வாங்கி மேலே ஒரு சுற்று கிரிப் சுற்றிக்கொள்ளலாம். தடித்த பிடியைச் செதுக்க முடியாது. தடித்த பிடியை இறுக்கிப் பிடித்தாலும் வலி முழங்கைக்குத்தான் போகும்.

சரி, நம் வீச்சு எப்படிப்பட்டது என்று எப்படித் தெரியும்? அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. என் கணக்கைச் சொல்கிறேன். கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். ஒரு பின்கோட்டில் நின்று, எதிர்ப்பக்கப் பின்கோட்டைக் குறிவைத்துத் தலைக்கு மேல் பத்துக் காக் அடியுங்கள். வம்படியாக அடிக்காமல், ஆட்டத்தில் அடிக்கும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். எதிர்ப்பக்கம் பின்கோட்டுக்கு 76 சென்டிமீட்டர் உள்ளே இன்னொரு கோடு இருக்கிறதல்லவா, ஏழு காக்காவது அதைத் தாண்டினால் உங்கள் வீச்சு வேகமானது. நான்கு முதல் ஆறு என்றால் நடுத்தரம். அதற்கும் கீழே என்றால் என் கட்சி. பக்கத்தில் ஒருவரை நிறுத்தி மொபைலில் ஸ்லோ மோஷன் எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு சொடுக்குகிறதா, என்னைப் போலத் தோள் மட்டும் சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

மெதுவான வீச்சுக்காரர்கள், புதிதாக ஆட வருகிறவர்கள், என் வயதுக்காரர்கள்: வளையும் தண்டு, 4யூ அல்லது 5யூ, நடு எடை, 20 பவுண்டு. நடுத்தரம்: மீடியம் தண்டு, 4யூ, 22 அல்லது 23. வேகமான இளைஞர்கள்: ஸ்டிஃப், தலை கனம், 24க்கு மேல் அவரவர் கைப்பழக்கம். சின்னக் குழந்தைகளுக்கு நீளம் குறைந்த ஜூனியர் பேட். அப்பாவின் பழைய பேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வகைக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயிலேயே நல்ல கிராஃபைட் பேட் கிடைக்கிறது. வங்கியில் கடன் கேட்டு வருபவரின் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

வேலூர் வெயிலுக்காக இரண்டு வார்த்தை. பேட்டைக் காரிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ வைக்காதீர்கள், சூட்டில் நரம்பு தளர்ந்துவிடும். நைலான் காக் வாங்கும்போது அடிப்பக்கப் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூடான காற்றில் காக் தானாகவே வேகமாகப் போகும் என்பதால் நமக்குப் பச்சைதான் பொருத்தம்.

சாத்விக்சாய்ராஜ் 2023இல் ஜப்பானில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், அது கின்னஸ் சாதனை. பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் நான் அதைவிட அதிகமாக நினைத்துப் பார்ப்பது 2024 பாரிஸ் பாராலிம்பிக்கை. நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர் பாட்மின்டனில் பதக்கம் வாங்கினார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். முதல் இருவரும் கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவு, மூன்றாமவர் உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவு. அவரவர் உடம்புக்கு ஏற்ற ஆட்டத்தை ஆடி ஜெயித்தவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் இன்றைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கோடைப் பயிற்சிக்காகச் சங்கப் பணத்தில் ஒரே மாதிரி பன்னிரண்டு பேட் மொத்தமாக வாங்கலாம் என்று ஒரு யோசனை கமிட்டி முன்னால் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டு, பொருளாளர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த மாதிரி பேட் 3யூ, ஸ்டிஃப். சேமிப்பது கொஞ்சம் பணம், செலவாவது பதினைந்து முழங்கை.

போன மாதம் நம் குடியிருப்பில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, அண்ணன் பேட்டை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஷட்டில் வராது தாத்தா" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் இப்போது ஆடும் 5யூ பேட்டைக் கையில் கொடுத்தேன். முதல் நாலு காக் வலையில் விழுந்தன. ஐந்தாவது, எதிரே நின்ற அண்ணன் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து எனக்கு முன்னால் திடலுக்கு வந்துவிடுகிறாள். என் பேட் இன்னும் என்னிடம் திரும்பவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பன்னிரண்டில் நான்கு ஜூனியர் பேட், ஆறு வளையும் அல்லது மீடியம் தண்டு 4யூ, இரண்டு மட்டும் ஸ்டிஃப் என்று வாங்குவோம். பிடியில் நிறப் பட்டை ஒட்டிவைத்தால் எது யாருக்கு என்று குழந்தைகளே எடுத்துக்கொள்வார்கள். சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு வாரம் இவற்றில் ஆடிப் பார்க்கலாம். ஞாயிறு காலை ஆறரைக்கு நான் திடலில் இருப்பேன். பத்துக் காக் பரீட்சைக்கு யார் வேண்டுமானாலும் வாருங்கள். தள்ளுபடி குறைவதால் வரும் வித்தியாசத்துக்கு என் பங்காக அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் பேட்டைச் சங்கத்துக்கே கொடுத்துவிடுகிறேன். இரண்டு ஸ்டிஃப் பேட்டில் ஒன்று அதுவாக இருக்கட்டும். அதற்கேற்ற கை நம் பையன்களில் யாருக்காவது இருக்கும்.