சீனி வருத்தமும் உள்ளே கனலும் தணலும்



தேயிலை வாது கீறிய விரல் சிவந்து, சூடாகி, வீங்குவதை நமுனுகுல மலைகளில் வளர்ந்த நாம் அறிவோம். கிருமியோடு வெண்குருதிக் கலங்கள் நடத்தும் அந்தப் போரே அழற்சி. காயம் ஆறியதும் அது அடங்கிவிடும்.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தால், கிருமி இல்லாமலே அதே கலங்கள் அங்கே கூடுகின்றன. அவை சுரக்கும் பொருள்களால் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல் கேளாமல் போகின்றன. அவற்றில் ஒன்றான டிஎன்எஃப் ஆல்ஃபா, கொழுத்த எலிகளில் இப்படிச் செய்வதை 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கனலும் தணல் இது.

இலங்கையில் 2005-2006இல் நடந்த ஆய்வில் வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதை அறிந்திருக்கவில்லை.

நம் அம்மாமார் கூடை சுமந்து மலை ஏறி இறங்கினார்கள். இன்று அவர்கள் வேலை விட்டு வீட்டோடு இருக்கிறார்கள். நாம் கொழும்பிலும் கனடாவிலும் கதிரையில் இருக்கிறோம். கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் மட்டும் மாறவில்லை.

தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பது நல்லது. அது மட்டும் போதாது. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். தினமும் அரை மணி நேரம் நடப்போம். ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் பல் வைத்தியரிடம் போவோம். அந்த அழற்சியும் சீனியை ஏற்றும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவை வெறும் வயிற்றோடு அரச வைத்தியசாலைக்கு அழைத்துப்போய்ச் சீனி பார்ப்போம். கூடவே நமக்கும் பார்ப்போம்.