மண்ணில் உறையும் கிருமியும் புற்றுநோயாளரும்

தெல்லிப்பழையிலே புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒருவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் காய்கிறது எனக் கொள்க. மாரிகாலம். வீட்டார் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பர்; கடையிலே பரசிற்றமோல் வாங்குவர்; விடியட்டும், பார்ப்போம் என்பர். வேறொருவருக்கு இது போதுமாயிருக்கலாம். இவருக்குப் போதாது.

புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் மருந்து, விரைந்து பெருகும் ஏனைய கலங்களையும் தாக்கும். என்பு மச்சையில் உண்டாகும் வெண்குழியங்கள், மருந்தேற்றிய இரண்டாம் வாரமளவில் மிகவும் குன்றிவிடும். சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு பொருது மடிந்த வெண்குழியங்களின் திரளே. அவை குன்றிய உடலிலே சீழ் கட்டுவது அரிது; வீக்கமும் சிவப்பும் சொற்பம். பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே சாட்சி. பரசிற்றமோல் அச்சாட்சியின் வாயையும் அடைத்துவிடும்.

இத்தகைய காய்ச்சலுக்கு நோயாளியின் குடலிலும் தோலிலும் வாழும் கிருமிகளே பெரும்பாலும் காரணமாகின்றன. ஆயினும் இலங்கை போன்ற நாட்டிலே, ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியையும் நினைத்தல் வேண்டும். அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். இரங்கூனிலே பணியாற்றிய விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர் 1912ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தனர். இலங்கை நோயாளர் ஒருவரைப் பற்றிய குறிப்பு 1927இல் வெளிவந்தது. பின்னர் நெடுங்காலம் இங்கு இது மிக அரிதென்றே கருதப்பட்டது. தேடாதது கண்ணிற் படுமோ? அண்மைக் காலத்தில் ஆய்வுகூடங்கள் கருத்தூன்றித் தேடியபோது பல மாகாணங்களிலும் நோயாளர் காணப்பட்டனர்.

வயற் சேற்றிலே வெறுங்காலுடன் இறங்குவோரின் காலிலுள்ள சிறு கீறல் அதற்கு வாயிலாகும். மூச்சின் வழியும், சுத்திகரியாத நீரின் வழியும் அது புகலாம். சலரோகமுடையோரையே அது மிகுதியும் பற்றும். புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் தளர்ந்தோரும் அதற்கு எளிய இரை. சிலரின் உடலில் அது பல்லாண்டு உறங்கிக் கிடப்பதும் உண்டு. இரண்டாம் உலகப் போரிலே யப்பானியரிடம் சிறைப்பட்ட அமெரிக்கர் ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழிந்தபின் அந்நோய் வெளிப்பட்டமை வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளது.

இந்நோய் பல வேடம் பூணும். நுரையீரலைப் பற்றினாற் காசநோய்போலத் தோன்றும். ஈரலிலோ மண்ணீரலிலோ கட்டியாயின், புற்றுநோயே பரவிற்றோ என மயங்கச் செய்யும். பென்சிலினும் யென்ரமைசினும் பொதுவாக இதற்குப் பயன்படா. செவ்ராசிடிம் அல்லது மெரோபெனம் நாளத்தின் வழியே இரு வாரமளவேனும் ஏற்றப்படும்.

தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நிகழ்ந்த நடைபவனியிலே திரண்ட நிதியால் எழுந்தது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, திறக்கப்பட்டது 2013இல். தென்முனையிலிருந்து நடந்தோரின் உழைப்பு அது. நோயாளி செல்லவேண்டிய தூரமோ சொற்பமே. வெப்பமானி 38 பாகையைக் காட்டினால், இரவென்றும் மழையென்றும் பாராது அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இறுதியாக மருந்தேற்றிய திகதி, சலரோகம் உண்டா என்பது, அண்மையில் வயலிலோ தோட்டத்திலோ இறங்கினாரா என்பது ஆகிய மூன்றையும் வைத்தியரிடம் கூறுதல் நன்று. கேளாதவிடத்தும் கூறலாம். மெலியோய்டோசிஸ் என உறுதியாயின், வீடு திரும்பிய பின்னரும் மூன்று மாதமேனும் குளிசை உட்கொள்ள நேரும். காய்ச்சல் தணிந்ததென்று அதனை இடையில் நிறுத்தியவர்களிடம் நோய் மீண்டும் வந்ததுண்டு.