அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள்!

கல்லாவில் உட்கார்ந்த மகன் பில் புத்தகத்தின் பின்புறம் அலிஃபை அழகாக எழுதிப் பழகுகிறான். வாப்பா பிடுங்கிக் கிழிக்கிறார். 'இது சோறு போடுமா?' என்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான்!

பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா (மறைவு 940) அரபி எழுத்துக்கு அளவு வகுத்தார். நாணல் பேனா இடும் ஒரு புள்ளிதான் அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி என்று கணக்கு. அவசரப்பட்டால் கோடு நடுங்கும். ஆத்திரத்தில் அழுத்தினால் மை பரவும். தன் அவசரத்தையும் ஆத்திரத்தையும் அந்தப் பிள்ளை வேறெங்கே கண்ணால் பார்ப்பான்? நாங்கள் மேடையில் நூறு தடவை சொல்லியும் ஏறாததை அந்தத் தாள் காட்டிவிடுகிறதே!

அரசியல் பகையில் இப்னு முக்லாவின் வலக்கையை வெட்டினார்கள். மிஞ்சிய கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். வாப்பாமார்களே, உங்கள் மகனுக்கு அல்லாஹ் இரண்டு கைகளையும் நலமாகவே வைத்திருக்கிறான். நாளைக்கே நல்ல தாளாக நாலு வாங்கிக் கொடுங்கள்.