சுருங்கிய ஒலியும் நம் தோட்டத்துத் தப்பும்



மொழிச் சொற்பொழிவு வரிசையில் கணினி இசைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஜாசின், மெர்லிமாவ், தெபோங், அலோர் காஜா வட்டாரங்களில் இன்று மாணவர் பலர் வீட்டிலேயே பாட்டெழுதி, மெட்டமைத்து, பதிவும் செய்துவிடுகின்றனர். யாரும் கட்டாயப்படுத்தாமல் நம் இளைஞர் தமிழில் எழுத உட்காரும் இடங்களுள் இஃதும் ஒன்று. ஆதலின் அவர்கள் கையாளும் கருவியைப் பற்றி ஆசிரியரும் சிறிது அறிந்திருத்தல் நன்று.

வீட்டிலிருந்து இசை செய்வது தமிழர்க்குப் புதிதன்று. 1989ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 'ரோஜா' 1992இல் வெளிவந்தது. நம் நாட்டில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' 2006இல் வந்தது. அதிலுள்ள 'மடை திறந்து', 1980ஆம் ஆண்டின் 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா இசையமைத்த பாடலை அடியொற்றி எழுந்தது. பழைய ஒலியொன்றைப் புதிய பாட்டுக்குள் நட்டு வளர்க்கும் இக்கலையை நம் இளைஞர் நன்கு பற்றிக்கொண்டனர். உரிமையாளரின் இசைவு பெறுதல் வேண்டும் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லி அப்பால் செல்கிறேன். அது தனியே பேச வேண்டிய பொருள்.

இன்று நம் பிள்ளைகள் தேடும் ஒலித்துணுக்குகள் உருமி, தப்பு, நாதசுரம், ஜால்ரா ஆகியவை. அவற்றை வலையொளியிலிருந்தும் புலனத்தில் வந்த காணொலிகளிலிருந்தும் எடுக்கின்றனர். அவை அனைத்தும் சுருக்கப்பட்ட ஒலிகள். ஒலிப்பதிவுக் கூடங்களில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்கும் ஏறக்குறைய இதே பெயர்தான் வழங்குகிறது. நான் பேசுவது கோப்பின் அளவைக் குறைக்கும் சுருக்கத்தைப் பற்றி மட்டுமே.

குறுந்தட்டில் ஒரு நொடி ஒலி, இரண்டு தடங்களிலும் நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. கணக்கிட்டால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் வரும். எம்பி3 வடிவில் 1,28,000 பிட்டுகளே போதும் என்கிறார்கள். ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரான்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் ஆற்றிய பெரும்பணியின் பயன் இது. எஞ்சிய பத்துப் பங்கு எங்கே போயிற்று?

செங் சன்னாசிமலையில் மாசிமக நாளன்று உருமி மேளத்தின் அருகில் நின்றவர்கள் இதற்கு எளிதில் விடை சொல்வார்கள். மேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவரின் பேச்சு காதில் விழுவதில்லை. அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்; பெரிய ஒலி சிறிய ஒலியை மறைத்துவிடுகிறது. மனிதச் செவியின் இவ்வியல்பைக் கணித்து, எப்படியும் கேட்காது என்று கருதும் பகுதியை மென்பொருள் நீக்குகிறது. அல்லது பருமட்டாக எழுதிவைக்கிறது. மிக உயர்ந்த அதிர்வெண்களையும் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது. பேருந்தில் காதொலிப்பான் வழியே பாட்டுக் கேட்பவருக்கு இதனால் பெரிய குறை ஒன்றும் இல்லை. மாணவர்களை அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை.

ஆனால் இசை செய்பவர் கேட்பதோடு நிற்பதில்லை. அவர் ஒலியை மெதுவாக்குகிறார், சுருதியைத் தாழ்த்துகிறார், ஒரு பகுதியைக் குறைத்து மற்றொன்றை உயர்த்துகிறார். பெரிய ஒலியைக் குறைத்தால் அதன் பின்னால் மறைந்திருந்தது வெளிப்பட வேண்டும். சுருங்கிய கோப்பில் அவ்விடத்தில் இருப்பது சிதைவு, ஒருவகைக் குழறல். ஜால்ராவின் கணீர் என்னும் முடிவு நீரில் அலசியதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம். 16,000 ஹெர்ட்சில் வெட்டுண்ட ஒலியை ஒரு தாயி தாழ்த்தினால் வெட்டு 8,000 ஹெர்ட்சுக்கு இறங்கி, யார் காதுக்கும் புலப்படும் இடத்திற்கு வந்துவிடுகிறது.

தப்புக்கு நேர்வது வேறு. எம்பி3 ஒலியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. கட்டத்தின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், பருமட்டாக எழுதியதன் இரைச்சல் அடிக்கு முன்னரும் பரவிவிடும். எதிரொலி பின்னால் வருவது இயற்கை. இங்கே அது முன்னால் வருகிறது. பொறியாளர் இக்குறையைச் சோதிக்க ஸ்பானியக் கைத்தாளக் கட்டையின் ஒலியைப் பயன்படுத்தினர். தப்புக் குச்சியின் அடியும் அவ்வகைக் கூர்மை உடையதே. குறுகிய கட்டங்களுக்கு மாறுவதால் குறை தணியும், முற்றும் அகலாது. மேலும், சுருக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறிது வெற்றொலி சேர்கிறது. அதை மென்பொருள் கணக்கில் கொள்ளாவிடின், சுற்றுக்கு 25 மில்லிநொடி வீதம் எட்டுச் சுற்றில் 200 மில்லிநொடி பிசகிவிடும். தாளம் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் தம்மையே நொந்துகொள்வது இதனாலும் இருக்கலாம்.

எம்பி3 கோப்பை வேவ் வடிவிற்கு மாற்றினால் தரம் திரும்பும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. திரும்பாது. கோப்பு பருக்கும், போனது போனதுதான்.

இதை ஒரு மொழி மன்றத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்துப் பால்மரக் காடுகள் செம்பனையாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துத் திருவிழாவுக்கும் இறப்பு வீட்டுக்கும் வெவ்வேறு அடி வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துவருகின்றனர். அவர்களுடைய வாசிப்பு பல இடங்களில் எஞ்சியிருப்பது, புலனத்தில் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு முறையும் மீண்டும் சுருங்கிய காணொலியாக மட்டுமே. அத்தகைய பதிவு கிடைத்தால், தரம் குறைந்தது என்று எறிந்துவிடாதீர்கள். வாசித்தவர் இல்லாதபோது சுருங்கிய ஒலியும் பெருஞ்செல்வமே. வந்த கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் படியில் மட்டும் வேலை செய்யுங்கள். மறுபடி எம்பி3 ஆக்காதீர்கள். குறையை மறைக்க முயல்வதைவிட, பழைய வானொலி கேட்பதுபோல் அதை அப்படியே பாட்டில் வைப்பதே அழகு என்பது என் கருத்து.

வாசிப்பவர் இருக்கும் இடத்தில் நிலைமை வேறு; அங்கே நாமே பதிந்துகொள்ளலாம். பல கைப்பேசிகள் தொடக்கத்திலேயே சுருக்கிப் பதிகின்றன. வேவ் வடிவில் பதியும் இலவசச் செயலிகள் உண்டு. கருவிக்கு மிக அருகில் வைத்தால் ஒலி பிளந்துவிடும். நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். உருமிக்கு ஒருபுறம் குச்சியால் அடியும் மறுபுறம் வளைந்த குச்சியால் உரசலும் உண்டாதலால், இருபுறமும் ஒருமுறை தனித்தனியே பதிவது நல்லது. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 318 மெகாபைட். 32 கிகாபைட் விரலி ஒன்றில் நூறு மணி நேரம் அடங்கும். நண்பருக்குப் புலனத்தில் அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு மாறாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பயிற்சியாக மாணவரை இப்பணிக்கு அனுப்பலாம். பதிவதற்கு முன் வாசிப்பவரிடம் இசைவு கேட்கவும், அவர் பெயர், தோட்டம், நாள், எந்நிகழ்வுக்குரிய அடி என்னும் நான்கையும் அவர் சொல்லும் சொல்லிலேயே கோப்போடு எழுதிவைக்கவும் பழக்குங்கள். பதிவின் ஒரு படியை வாசித்தவரின் வீட்டாரிடமும் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.