நில ஆர்ஜிதமும் நம் கடைகளும்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

பட்டணங்களில் சாலைகளை அகலப்படுத்தவும், ரெயில் பாதைகள் அமைக்கவும், நெருக்கமான சந்தைகளை வெளியிடங்களுக்குக் கொண்டுபோகவும் சர்க்கார் நிலம் எடுப்பது நாம் நாடோறும் காணும் காரியம். அவ்விதம் எடுக்குங்கால், அவ்விடத்தில் கடை வைத்துப் பிழைத்தோருக்குச் சட்டம் செய்யும் உதவி யாது, அது கைவிடும் இடம் யாது, அவ்விடத்தில் நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள்.

நகரம் வளரவேண்டாமென்று கூற நான் வரவில்லை. அகன்ற சாலையால் வியாபாரம் பெருகும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஊரார் எல்லாருக்கும் உண்டாகும் நன்மைக்கு ஒரு தெருவார் மட்டும் விலை கொடுப்பது நியாயமன்று. நஷ்டஈடு என்னும் ஏற்பாடு இந்த நியாயத்தினின்றே பிறந்தது.

பழைய சட்டமாகிய 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் ஏறக்குறைய 120 வருஷ காலம் இந்நாட்டில் வழங்கிற்று. அதன்படி நிலத்தின் சந்தை விலையும், அதற்குமேல் மன ஆறுதல் தொகையாக நூற்றுக்குப் பதினைந்தும் கொடுக்கப்பட்டன. 1984-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அப்பதினைந்து முப்பதாயிற்று. வியாபார ஸ்தலத்தை மாற்ற நேர்ந்தால் அதற்காகும் நியாயமான செலவையும் கணக்கில் சேர்க்கலாம் என்று அச்சட்டம் கூறியதுண்டு. ஆயினும், பெயர்க்கப்பட்டவனை மீண்டும் ஓரிடத்தில் நிலைநிறுத்துவது சர்க்காரின் கடமை என்னும் கொள்கை அதில் இல்லை.

2013-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டு, 2014 ஜனவரி 1-ஆம் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டம் இக்குறையை ஒருவாறு நீக்கிற்று. அதன்படி மன ஆறுதல் தொகை நூற்றுக்கு நூறு. அதாவது, பட்டணத்தில் ஒருவருடைய நிலமும் கட்டிடமும் 40 லட்சம் ரூபாய் பெறுமென்று தீர்மானிக்கப்பட்டால், மேலும் 40 லட்சம் சேர்த்து 80 லட்சம் கிடைக்கும். அன்றியும், முதல் அறிவிப்பு முதல் தீர்ப்பு அல்லது சுவாதீனம் வரையில் சந்தை விலையின்மேல் வருஷம் ஒன்றுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கூடும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சந்தை விலையைக் கணக்கிடுவோர், பத்திரப் பதிவுக்குச் சர்க்கார் விதித்திருக்கும் மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்திய மூன்று வருஷங்களில் பதிவான கிரயப் பத்திரங்களையும் பார்க்கின்றனர். முத்திரைக் கட்டணத்துக்கு அஞ்சிக் கிரயத்தொகையைக் குறைத்தெழுதும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு. அவ்விதம் குறைத்தெழுதுவோர் தமக்கு மட்டுமன்றி, தெருவார் அனைவருக்குமே நஷ்டஈட்டைக் குறைத்துவிடுகின்றனர்.

இனி வாடகைக் கடைக்காரரின் நிலையைப் பார்ப்போம். நிலமில்லாதவரும் புதிய சட்டத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பம்" ஆகலாம். நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருஷ காலம் தம் முக்கிய ஜீவனத்துக்கு அவ்விடத்தையே நம்பியிருந்தார் என்று ஏற்பட்டால் போதும். இடம்பெயரும் குடும்பத்துக்கு ஒரு வருஷம் வரை மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிச் செல்ல 50,000 ரூபாய், புதிய இடத்தில் அமர 50,000 ரூபாய், சிறு வியாபாரியாகவோ கைத்தொழிலாளியாகவோ இருந்தால் 25,000 ரூபாய்க்குக் குறையாத ஒரு தொகை என்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விதிக்கின்றது. இத்தொகைகள் பெரியவை அல்ல. எனினும் பூஜ்யத்தைவிட இவை பெரிது.

எல்லா ஆர்ஜிதமும் இந்த ஒரு சட்டத்தின் கீழேயே நடைபெறுவதில்லை. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைக்கு 2001-ஆம் வருஷத்துச் சட்டமும், தொழில் காரியங்களுக்கு 1997-ஆம் வருஷத்துச் சட்டமும் தனியே உள்ளன. அவற்றின் நடைமுறை வேறு. ஆகவே அறிவிப்பு வந்தவுடன், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதையே முதலில் படித்தறிய வேண்டும். தெருவோரத்தில் வியாபாரம் செய்வோருக்கு 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் துணையாகும். அத்தாட்சிப் பத்திரம் பெற்றவரை முப்பது நாள் முன்னறிவிப்பின்றி அவ்விடத்தை விட்டு அகற்றலாகாது.

சகோதரர்களே! சட்டம் இவ்வளவு கூறியும், வாடகைக் கடைக்காரர் பலர் வெறுங்கையோடு போவதேன்? மூன்று வருஷம் இருந்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். ஆர்ஜிதத்தின்போது உத்தியோகஸ்தர் வந்து பாதிக்கப்பட்ட குடும்பங்களின் ஜாபிதா எடுப்பார். பெயர் அதில் ஏறினால் உதவி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. கட்டிடச் சொந்தக்காரரிடம் பட்டா, கிரயப் பத்திரம், வரி ரசீது யாவும் இருக்கும். வாடகைக்காரரிடம் என்ன இருக்கும்? வாடகை கையில் கொடுத்துக் கையில் வாங்கப்படுகின்றது, ரசீது கிடையாது. முன்பணம் கொடுத்ததற்கு எழுத்து கிடையாது. மின்சாரக் கணக்கு சொந்தக்காரர் பெயரில். இருபது வருஷம் கடை நடத்தியவரும் அன்றைக்கு அந்நியரே ஆகின்றார்.

சாலைக்காக நிலம் விட்டுக்கொடுப்போருக்குப் பணத்துக்குப் பதிலாக வேறிடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமையை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. 2019-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் அதற்கு இடம் இருக்கின்றது. அவ்வுரிமையைப் பிறருக்கு விற்கவும் கூடும். இது நல்ல ஏற்பாடே. ஆனால் அதன் பயன் முழுவதும் நிலச் சொந்தக்காரருக்கே சேரும். கீழே கடை வைத்திருந்தவருக்கு அதில் பங்கு இல்லை.

நமது சங்கத்தில் கட்டிடச் சொந்தக்காரரும் இருக்கின்றனர். அவர்தம் கட்டிடத்தில் வாடகைக்கு இருப்போரும் இருக்கின்றனர். இருவரும் ஒரே மகமை கொடுக்கின்றனர். கலியாணத்தில் ஒரே பந்தியில் உட்காருகின்றனர். ரசீது கேட்டால் மட்டும் ஒருவர் முகம் மாறுகின்றது. ரசீது கொடுத்தால் வரி கூடுமோ, வாடகைக்காரர் காலி செய்ய மறுப்பாரோ என்பது அவர் அச்சம். அந்த அச்சத்தை நான் இகழவில்லை. வாடகைக்காரரால் கஷ்டப்பட்ட சொந்தக்காரரும் நம்மில் உண்டு. ஆனால் 2019 பிப்ரவரி முதல் அமுலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், அது பதியப்படவேண்டும் என்று கூறுகின்றது. காலம் முடிந்தால் காலி செய்விக்கும் வழியும் அதிலேயே உண்டு. ஆகவே எழுத்து இருவருக்கும் காவல். சொந்தக்காரர் நஷ்டஈடாக லட்சங்கள் பெறுங்கால், அவர் எழுதாத ஒரு துண்டுக் காகிதத்தால் தம் சமூகத்தவன் ஒருவன் சாமான் ஏற்றும் கூலியும் இன்றிப் போவானாயின், அது தர்மமாகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

எந்தச் சட்டமும் எளிதில் ஈடுசெய்ய மாட்டாத நஷ்டங்களும் உண்டு. ஒன்று வாடிக்கை. பத்து வருஷம் ஒரே மூலையில் இருந்து சேர்த்த வாடிக்கையை மூட்டைகட்டி எடுத்துச் செல்ல முடியாது. மற்றொன்று பற்று நிலுவை. கடை தெருவில் இருக்கும்வரை மாதச் சம்பளம் வாங்கியவர் வந்து பாக்கியைத் தீர்ப்பார். கடை பத்து மைலுக்கு அப்பால் போய்விட்டால், அப்பேரேட்டில் உள்ளது வெறும் எழுத்தே.

இதற்கு மருந்து உண்டா? சென்னையில் நிகழ்ந்த ஒரு காரியத்தை நோக்குவோம். ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியிலிருந்த காய்கறி மொத்த வியாபாரம், நெரிசல் காரணமாக 1996-ஆம் வருஷத்தில் கோயம்பேட்டுக்குப் பெயர்க்கப்பட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஏறக்குறைய 295 ஏக்கரில் அச்சந்தையை அமைத்தது. குறிப்பிட்ட பண்டங்களின் மொத்த வியாபாரம் அங்கேயே நடைபெற வேண்டுமென்று அவ்வருஷத்திலேயே ஒரு சட்டமும் பிறந்தது. அங்கே சர்க்கார் எடுத்தது வியாபாரிகளின் நிலத்தை அன்று. வியாபாரத்தையே இடம் மாற்றியது. தனியே ஒரு கடை அவ்வளவு தூரம் போயிருந்தால் அது அழிந்திருக்கும். கடைகள் கூட்டமாய்ப் போனமையால் வாங்குவோரும் விற்போரும் லாரிகளும் உடன் போகவேண்டியதாயிற்று. இன்று அது தென்னாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்று. 2020 மே மாதத்தில் கொள்ளைநோயின்பொருட்டு அச்சந்தை மூடப்பட்டபோதும், காய்கறி வியாபாரம் திருமழிசையில் ஒருசேர நடைபெற்று, செப்டம்பரில் திரும்பிற்று. தனியே பெயர்பவன் வாடிக்கையை இழக்கின்றான். தெருவோடு பெயர்பவன் அதிற் பெரும்பகுதியைக் காக்கின்றான் என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

ஆகவே, சங்கத்தின் யோசனைக்குச் சில காரியங்களைச் சமர்ப்பிக்கின்றேன்.

முதலாவது, கட்டிடச் சொந்தக்காரராகிய அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வருஷ முடிவுக்குள் தம் வாடகைக்காரருக்கு எழுத்து உடன்படிக்கையும் மாத ரசீதும் கொடுப்பதாக உறுதி கூறவேண்டும். நிர்வாக சபையார் தங்கள் கட்டிடங்களிலிருந்தே இதனைத் தொடங்குவது அழகாகும்.

இரண்டாவது, சங்கத்தில் ஒரு கடைப் பதிவேடு வேண்டும். கடை எந்தத் தெருவில், யார் பெயரில், எந்த வருஷம் முதல் என்பதும், முனிசிபல் லைசென்ஸ், வரிப் பதிவு, மின்சார ரசீது ஆகியவற்றின் நகல்களும் அதில் இருக்கட்டும். விசேஷமாகத் தாய்மார்களுக்கு ஒன்று கூறுவேன். கணவர் காலமானபின் கடையைத் திறமையாக நடத்திவரும் சகோதரிகள் பலர், லைசென்ஸை இறந்தவர் பெயரிலேயே விட்டிருக்கின்றனர். ஜாபிதா எடுக்கும் நாளில் அது பெரும் தடையாகும். இன்றே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அறிவிப்பு வந்தால் தவணையை விடலாகாது. ஆட்சேபம் கூற 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அறுபது நாள் உண்டு. மறுவாழ்வுத் திட்டத்தின் நகல் வெளியான பின் பொது விசாரணை நடைபெறும். அதற்குத் தெருவார் அனைவரும் ஒருங்கே சென்று, மாற்றிடம் ஒரே இடத்தில் வேண்டுமென்று கேட்கவேண்டும். தொகை போதாதென்று தோன்றினால், ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதியே கையெழுத்திட வேண்டும். அவ்வாறு எழுதாமல் பணத்தைப் பெற்றவர் பின்னர் அதிகம் கேட்டு மனுச் செய்ய இயலாது. நேரில் இருந்து தீர்ப்பைக் கேட்டவருக்கு அம்மனுவுக்குத் தவணை ஆறு வாரமே.

நான்காவது, மகமைப் பணத்தில் ஒரு பகுதியைக் கடை பெயர்வோருக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்க ஒதுக்கவேண்டும். சர்க்கார் பணம் வரும். ஆனால் தாமதித்து வரும். அதற்குள் இரண்டு மாதம் கடை மூடிக்கிடந்தால் முதலே கரைந்துவிடும். இவ்வுதவி கடைக்காரரோடு நில்லாமல், கணக்கெழுதுவோர், மூட்டை தூக்குவோர், எடுபிடிப் பையன்கள் ஆகியோருக்கும், அவர்கள் எந்தச் சமூகத்தாராயினும், கிடைக்க வேண்டும். நம் கடைகளை வளர்த்தவர்கள் அவர்களே. அவர்கள் பெயரும் ஜாபிதாவில் ஏறும்படி பார்ப்பது முதலாளியின் கடமை.

அன்பர்களே! சர்க்காரிடம் நியாயம் கேட்கச் செல்லுமுன், நமக்குள் நியாயம் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வோம். ரசீது எழுத ஒரு நிமிஷம் ஆகும். அதற்கு ஆகும் செலவு ஒரு காகிதம். அந்த ஒரு காகிதத்தால் ஒரு குடும்பம் தெருவில் நிற்பதும் வேறொரு தெருவில் கடை திறப்பதும் நிச்சயமாகும். இதனைச் செய்ய எந்தச் சட்டத்துக்காகவும் நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுமாறு அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.